ஒன்பதாம் வகுப்பில் மட்டுமே வாய்ப்பு: இஸ்ரோவின் 'யுவிகா' பயிற்சியில் சேர்வது எப்படி?

பள்ளி மாணவர்களுக்கு விண்வெளி அறிவியலின் அடிப்படைகளைக் கற்பிப்பதற்காக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் (இஸ்ரோ) நடத்திவரும் கோடைகாலப் பயிற்சி 'யுவிகா' என அழைக்கப்படுகிறது. 'யுவ விஞ்ஞானி காரியக்ரம்' என்பதன் சுருக்கமே இப்பெயர். இளம் விஞ்ஞானிகள் திட்டம் என்பது இதன் பொருள்.

இத்திட்டம் 2019 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கொரோனா பெருந்தொற்றால் இரண்டு ஆண்டுகள் தடைபட்டு, 2022 இல் மீண்டும் நடைபெற்றது. முதல் ஆண்டில் 111 பேரும், 2022 இல் 153 பேரும், 2023 இல் 337 பேரும் பயிற்சி பெற்றனர். நாட்டின் பள்ளி மாணவர் தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பயிற்சி நடைபெறும் ஆண்டின் ஜனவரி முதல் நாளில் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருப்பவர் மட்டுமே விண்ணப்பிக்க இயலும். ஆகவே, ஒரு மாணவருக்கு இவ்வாய்ப்பு வாழ்நாளில் ஒருமுறைதான் வருகிறது. அறிவிப்பு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், ஆண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் வெளியாகிறது. செய்தி சென்று சேராத பள்ளியில் படிப்பவர், தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமலேயே பத்தாம் வகுப்புக்குச் சென்றுவிடுகிறார்.

தேர்வு முறையில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்களுக்கே பாதிப் பங்கு, அதாவது 50 சதவீதம் அளிக்கப்படுகிறது. இணையவழி வினாடி வினாவுக்கு 10 சதவீதம். அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட் தேர்வு, விளையாட்டு, சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை ஆகியவற்றில் பங்கேற்றவர்களுக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. ஊராட்சிப் பகுதியில் உள்ள பள்ளிகளில் படிப்போருக்கு கூடுதல் முன்னுரிமை வழங்கப்படுகிறது. கைவினைத் திறனில் சிறந்தும் மதிப்பெண்ணில் பின்தங்கியும் இருக்கும் மாணவருக்கு இந்த அளவுகோல் சாதகமானதன்று. எனினும் கிராமப்புற முன்னுரிமை அந்த இடைவெளியை ஓரளவு குறைக்கிறது.

திருவனந்தபுரம், பெங்களூரு, அகமதாபாத், ஐதராபாத், ஷில்லாங், ஸ்ரீஹரிகோட்டா, டேராடூன் ஆகிய இடங்களிலுள்ள இஸ்ரோ மையங்களில் மாணவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, மே மாதத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தங்கிப் பயில்கின்றனர். பயணம், தங்குமிடம், பாடப்பொருள் ஆகியவற்றின் செலவை இஸ்ரோவே ஏற்கிறது. விரிவுரைகளோடு மாதிரி ராக்கெட் செய்தல், ரோபோ உருவாக்குதல், விஞ்ஞானிகளுடன் உரையாடல், ஆய்வுக்கூடங்களைப் பார்வையிடுதல் ஆகியவையும் இடம்பெறுகின்றன. குளிர்பானக் குவளை அளவிலான கூட்டுக்குள் உணரி, மின்கலம், வானொலிக் கருவி ஆகியவற்றை அடக்கி மாதிரிச் செயற்கைக்கோள் அமைக்கும் 'கேன்சாட்' பயிற்சியும் உண்டு. எடையும் இடமும் மின்சாரமும் மிகக் குறைவாக இருக்கும்போது எதைச் சேர்ப்பது, எதைக் கைவிடுவது என்பதே உண்மையான செயற்கைக்கோள் வடிவமைப்பாளரின் சிக்கலும்கூட.

யுவிகாவில் இடம் கிடைக்காதவர்களுக்கு வேறு வழிகளும் உள்ளன. நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் நாடு முழுவதும் சுமார் 10,000 பள்ளிகளில் 'அடல் டிங்கரிங்' ஆய்வகங்களை அமைத்துள்ளது. முப்பரிமாண அச்சுப்பொறி, உணரிகள், மின்னணுக் கருவிகள் ஆகியவற்றை ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் அங்கே கையாளலாம். மேலும் 50,000 ஆய்வகங்கள் ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் அமைக்கப்படும் என 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. கருவிகளை இயக்கக் கற்றுத்தரும் ஆசிரியர் இல்லாத இடத்தில் ஆய்வகம் பூட்டியே கிடக்கும் என்பதால், பயிற்சி பெற்ற ஆசிரியர்களே இதில் முதல் தேவை.

1993 முதல் நடைபெறும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுடையோர், தம் ஊரின் சிக்கல் ஒன்றை ஆய்வு செய்து அறிக்கை அளிக்கலாம். தாய்மொழியிலேயே ஆய்வை முன்வைக்க முடிவது இதன் தனிச்சிறப்பு.

யுவிகாவுக்கு இஸ்ரோவின் இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல், போட்டிகளில் பங்கேற்றதற்கான சான்றிதழ்கள், பள்ளித் தலைமையாசிரியரின் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது நல்லது.