1947ஆம் ஆண்டின் பின்மாரியும் பிரித்தானிய இல்லங்களும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1947ஆம் ஆண்டின் முதற் காலாண்டு பிரித்தானிய வரலாற்று நூல்களிலே பொதுவாக மூன்று நிகழ்ச்சிகளின் வாயிலாக அறிமுகமாகின்றது. ஜனவரி முதலாந் திகதி நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டமை ஒன்று. பெப்ரவரியில் ஏற்பட்ட எரிபொருள் நெருக்கடி மற்றொன்று. 1948 ஜூனுக்குள் இந்தியாவின் ஆட்சிப் பொறுப்பை ஒப்படைப்பதாகப் பிரதமர் அட்லி பெப்ரவரி 20ஆந் திகதி அறிவித்தமை பிறிதொன்று. அவ்வறிவிப்பு வெளியாகி ஓராண்டு கழியுமுன் இலங்கையும் சுதந்திரம் பெற்றதாதலின், அக்காலப் பகுதி நமது வரலாற்றுக்கும் அந்நியமானதன்று. எனினும், அதே வாரங்களிற் சிறு குழந்தைகளோடு வீட்டினுள் முடங்கிய குடும்பங்களின் அன்றாட வாழ்வு பொது வரலாற்று நூல்கள் பலவற்றில் ஓரிரு வரிகளுடன் நின்றுவிடுகின்றது. அப்போது உருவாகிக்கொண்டிருந்த நலன்புரி அரசு எவருடைய உழைப்பை ஆதாரமாகக் கொண்டிருந்தது என்பதை அறிய விரும்புவோர் அவ்வாழ்வை நோக்குதல் அவசியமாகும்.

முதலில் அம்மாரியின் தன்மையைச் சுருக்கமாக நோக்குவோம். ஜனவரி 22ஆந் திகதி முதல் மார்ச் 17ஆந் திகதி வரை பிரித்தானியாவின் ஏதோவொரு பகுதியில் நாள்தோறும் பனி பெய்தது. மத்திய இங்கிலாந்தின் பெப்ரவரிச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ இரண்டு பாகை செல்சியசாக இருந்தது. இலண்டனை அடுத்த கியூ அவதான நிலையத்தில் பெப்ரவரி 2 முதல் 22 வரை சூரிய ஒளி பதிவாகவேயில்லை. மாரியின் முற்பகுதி ஓரளவு மிதமாகவே கழிந்திருந்தது. கொடுமை அதன் பிற்பகுதியிலே வந்தது. பின்மாரியின் இயல்பான இடர் இதுவேயாகும்: சேமித்த கரியும் கிழங்கும் குறைந்து, ஆடைகள் நைந்து, உடல் வலு தளர்ந்திருக்கும் வேளையிலேதான் அது குடும்பத்தைச் சோதிக்கின்றது.

அரசின் சேமிப்பு நிலையும் இதனின்று வேறுபட்டதன்று. மாரி தொடங்கும்போதே மின்னிலையங்களின் நிலக்கரி இருப்புக் குறைவாக இருந்தது. பனியினாற் புகையிரதப் பாதைகள் அடைபட்டதும், அகழ்ந்த கரியைக்கூட உரிய இடத்துக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. பெப்ரவரி 7ஆந் திகதி எரிபொருள் மந்திரி இமானுவேல் சின்வெல் பாராளுமன்றத்திற் கட்டுப்பாடுகளை அறிவித்தார். இலண்டனும் தென்கிழக்கும், மத்திய மாநிலங்களும், வடமேற்கும் அடங்கிய பரப்பிலே கைத்தொழில்களுக்கான மின்சாரம் நிறுத்தப்பட்டது. அப்பரப்பின் வீடுகளில் காலை 9 மணி முதல் 12 மணி வரையும், பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரையும் மின்சாரத்தைப் பயன்படுத்துதல் தடைசெய்யப்பட்டது. மீறுவது தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

இந்நேர ஒதுக்கீடு ஊன்றி நோக்கத்தக்கது. காலை உணவு, மதிய உணவு, மாலைத் தேநீர் ஆகிய மூன்றுக்கும் உரிய வேளைகள் தடைக்கு அப்பால் விடப்பட்டிருந்தன. எனவே குடும்பத்தின் அடுப்பைத் திட்டமிட்டோர் மறந்துவிட்டனர் எனக் கூறமுடியாது. ஆனால் தடைசெய்யப்பட்ட ஐந்து மணித்தியாலங்களும், வழமையான நாட்களில் தந்தை தொழிலுக்கும் மூத்த பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்றிருக்கும் நேரங்களாகும். அந்நேரத்தில் வீட்டில் எஞ்சியிருப்போர் தாயும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும், முதியோருமே. சம்பளமும் பாடசாலை மணியும் இல்லாத அந்நேரங்கள் திட்டமிட்டோரின் கணக்கில் வெற்று நேரங்களாகத் தோன்றியிருக்க வேண்டும் எனக் கொள்வது பொருந்தும். உண்மையில் குழந்தையைக் குளிப்பாட்டுதல், துணி துவைத்தல், உறங்கவைத்தல் ஆகியன பெரும்பாலும் நிகழ்வது அவ்வேளைகளிலேயாகும். அநேக வீடுகள் கரியையும் வாயு அடுப்பையுமே கூடுதலாக நம்பியிருந்தன என்பது உண்மையே. ஆயினும் கரி கிடைப்பது அரிதாகி, வாயுவின் அழுத்தமும் குறைந்த நிலையில், மின்தடை தனித்த ஓர் இடராக இருக்கவில்லை.

குழந்தைகளின் பொருட்டு அரசு எதுவும் செய்யவில்லை என்பதும் தவறாகும். போர்க்காலத்திலே தொடங்கிய பங்கீட்டு முறையில் கருவுற்ற தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பச்சை நிறப் பங்கீட்டுப் புத்தகம் வழங்கப்பட்டது. அதனைக் கொண்டு நாளொன்றுக்கு ஒரு பைந்து பாலைக் குறைந்த விலைக்கு, வறியோராயின் இலவசமாக, பெறலாம். பால்மா, தோடம்பழச் சாறு, கொட் மீனெண்ணெய் ஆகியனவும் கிடைத்தன. 1946 ஆகஸ்டிலிருந்து பாடசாலை மாணவர்க்கு இலவசப் பால் வழங்கப்பட்டது. அதே மாதம் 6ஆந் திகதி குடும்பக் கொடுப்பனவும் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தந்தையிடம் வழங்குவதே அரசின் முதலாவது எண்ணம். எலனர் இரத்போன் முதலியோரின் விடாப்பிடியான போராட்டத்தின் விளைவாகவே அது தாயின் கைக்குச் சென்றது. வாரமொன்றுக்கு ஐந்து சிலிங் வீதம் இரண்டாவது குழந்தையிலிருந்தே அது கணிக்கப்பட்டமையால், தலைப்பிள்ளை மட்டுமேயுள்ள இளங் குடும்பம் அதனாற் பயனடையவில்லை.

இச்சலுகைகள் யாவும் காகிதத்திலிருந்து குழந்தையின் வாய்வரை செல்வதற்கு ஒருவருடைய உழைப்பு வேண்டியிருந்தது. தோடம்பழச் சாற்றைப் பெற அலுவலகத்துக்கோ தாய்சேய் நிலையத்துக்கோ செல்லவேண்டும். பாணுக்கும் இறைச்சிக்கும் தனித்தனி வரிசைகளில் நிற்கவேண்டும். பாண், போர்க்காலத்தில்கூடப் பங்கீட்டுக்கு உட்படாதிருந்து, 1946 ஜூலையிலே பங்கீட்டுக்குள் வந்தது. பனி மூடிய தெருவிற் கைக்குழந்தையுடன் வரிசையில் நிற்பதா, அதை வீட்டில் விட்டுச் செல்வதா என்பது தாய்மார் நாள்தோறும் எதிர்கொண்ட வினாவாகும். போர்க்காலத்தில் தொழிற்சாலைப் பெண்களுக்கென நிறுவப்பட்ட குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் பலவும் போரின் பின் அரசின் நிதி குறைக்கப்பட்டதால் மூடப்பட்டிருந்தன. வாயுத் தொழிற்சாலை வாயில்களிலே கற்கரி பெறுவதற்குப் பெண்கள் குழந்தை வண்டில்களோடு வரிசையில் நிற்கும் காட்சி அக்காலப் புகைப்படங்களிற் காணப்படுகின்றது. குழந்தைக்குரிய வண்டில் கரி சுமக்கும் வண்டிலாயிற்று.

வீட்டினுள்ளே மிகப் பெரிய சிக்கலாக அமைந்தது துணியாகும். கைக்குழந்தையின் அணையாடைகளை நாள்தோறும் கொதிநீரில் இட்டுத் துவைக்கவேண்டும். சவர்க்காரம் 1942 முதலும், ஆடைகள் 1941 முதலும் பங்கீட்டில் இருந்தன. குழாய்கள் உறைந்த வீடுகளில் நீரைத் தெருக் குழாயிலிருந்து சுமந்துவர நேர்ந்தது. வெளியே தொங்கவிட்ட துணி பலகைபோல் விறைத்தது. உள்ளே உலர்த்துவதாயின், குடும்பம் முழுவதும் குளிர்காயும் ஒரேயோர் அடுப்பின் முன்னாலேயே உலர்த்தவேண்டும். துணி உலர்ந்தால் பிள்ளைகளுக்கு வெம்மை குறையும்; பிள்ளைகள் அடுப்பை அணுகினால் துணி ஈரமாகவே கிடக்கும். வீட்டுப் பற்றாக்குறையினாற் பெற்றோரின் வீடுகளில் ஓரறையில் ஒதுங்கிய இளங் குடும்பங்களுக்கும், 1946 கோடையிற் கைவிடப்பட்ட இராணுவ முகாம்களிற் குடியேறிய பல்லாயிரக் கணக்கானோருக்கும் இந்நெருக்கடி இன்னும் கடுமையாக இருந்தது.

தொழிற்சாலைகள் மூடப்பட்டமையால் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். சில வாரங்கள் தந்தையர் பலரும் வீட்டிலேயே இருந்தனர். ஆனால் சம்பளம் நின்றது. இதற்கிடையே குழந்தைக்கு மார்புச்சளி கண்டால் வைத்தியருக்குப் பணம் கொடுக்கவேண்டும். அப்போதிருந்த தேசிய காப்புறுதி தொழிலாளியின் வைத்தியச் செலவை ஏற்றதேயன்றி, அவனது மனைவி மக்களின் செலவை ஏற்கவில்லை. தேசிய சுகாதார சேவைக்கான சட்டம் 1946இல் நிறைவேறியபோதிலும், அச்சேவை தொடங்கியது 1948 ஜூலை 5ஆந் திகதியேயாகும்.

அம்மாரியிற் குழந்தைகளாயிருந்தோருள் ஒரு கூட்டத்தினரை வரலாறு தற்செயலாக அடையாளமிட்டு வைத்துள்ளது. 1946 மார்ச் 3 முதல் 9 வரையான ஒரே வாரத்தில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொத்லாந்து ஆகிய பகுதிகளிற் குழந்தை பெற்ற தாய்மாருள் 13,000க்கும் மேற்பட்டோரைச் சுகாதார உத்தியோகத்தர் சந்தித்து, பிள்ளைப்பேற்றின் செலவுகளையும் பராமரிப்பையும் பற்றி வினவினர். ஜேம்ஸ் டக்ளஸ் என்பவர் இவ்வாய்வை நெறிப்படுத்தினார். அக்குழந்தைகளுள் 5,362 பேர் தெரிந்தெடுக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து ஆராயப்பட்டு வந்தனர். இவர்களுக்கு ஒரு வயது நிறைந்த வாரமே 1947 மார்ச் 4ஆந் திகதி தொடங்கிய பெரும் பனிப்புயலின் வாரமாகும்! 1966இல் டக்ளசும் வொலரும் வெளியிட்ட ஆய்வொன்று, வீட்டு நிலக்கரிப் பாவனையை அளவாகக் கொண்டு பிரதேசங்களை வகுத்து, புகை மிகுந்த பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் சார்ந்த தொற்றுக்கள் கூடுதலாக ஏற்பட்டதைக் காட்டிற்று. தாய்மார் குழந்தைகளைக் காக்கவெனத் தேடித் திரிந்த கரியே அவர்களின் மார்பைத் தாக்கிற்று என்பது அக்கால வாழ்வின் முரண்பாடுகளுள் ஒன்று.

மார்ச் 10ஆந் திகதியளவிற் பனி உருகத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து பெருவெள்ளம் வந்தது. எனினும் இங்கிலாந்திலும் வேல்சிலும் 1946இல் ஆயிரத்துக்குச் சுமார் 43ஆக இருந்த சிசு மரண வீதம் 1947இல் சுமார் 41ஆகவும், 1948இல் சுமார் 34ஆகவும் அமைந்தது. 1947இல் அங்கு பிறந்த குழந்தைகளோ ஏறத்தாழ 8 இலட்சத்து 81 ஆயிரம் பேர். இத்தனை இன்னல்களின் நடுவிலும் மரண வீதம் ஆண்டளவில் உயராமைக்குப் பச்சைப் புத்தகமும் பாலும் மருத்துவ முன்னேற்றமும் காரணமெனக் கூறின் அது ஏற்புடையதே. ஆனால் அக்கூற்று முழுமையானதன்று. வரிசையில் நின்ற கால்களும், கொதிநீரில் வெடித்த கைகளும், தன் பங்கைப் பிள்ளைக்கு ஒதுக்கிய வயிறும் எந்தப் புள்ளிவிபரத்திலும் இடம்பெறவில்லை.

1947 ஜூனில் அதே அரசு, உற்பத்தியைப் பெருக்குவதற்காகப் பெண்களை மீண்டும் தொழிலுக்கு வருமாறு அழைத்தது. பெப்ரவரியில் அவர்கள் செய்தது தொழிலாகக் கணிக்கப்படவில்லை என்பதற்கு இவ்வழைப்பே போதிய சான்றாகும். நலன்புரி அரசின் வரலாறு சட்டங்களின் வரிசையாக எழுதப்படும்வரை அது பாதி வரலாறாகவே இருக்கும். சட்டம் எட்டாத அந்த ஐந்து மணித்தியாலங்களில் அடுப்பின் முன்னே நிகழ்ந்த உழைப்பும் அதனுடன் சேர்த்து எழுதப்படல் வேண்டும்.