மனச்சிதைவு நோயும் மரபணு வேறுபாடுகளும்: சி4 மரபணுவை முன்வைத்து

மனச்சிதைவு நோயில் மரபின் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு என்ற வரி பாடநூல்கள் எங்கும் உண்டு. மனநல மருத்துவத்தில் இவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட எண் வேறில்லை என்பேன். நோயாளியின் தம்பிக்கோ தங்கைக்கோ நோய் வர 80 விழுக்காடு வாய்ப்பு உண்டென்று படித்தவர்களே அஞ்சுகிறார்கள். அந்த எண் தனி ஒருவரைப் பற்றியதே அன்று. ஒரு மக்கள்தொகையில் இந்நோய்க்கு ஆட்படும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டில் மரபணுக்களின் பங்கைத்தான் அது அளக்கிறது. உடன்பிறந்தோருக்கு நோய் வரும் வாய்ப்பு 10 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை.

அமெரிக்காவில் 1930-இல் ஒரே கருவிலிருந்து பிறந்த நான்கு சகோதரிகளை டேவிட் ரோசந்தால் ஆராய்ந்து, 'ஜெனைன்' என்ற புனைபெயரில் 1963-இல் நூலாக்கினார். நால்வருக்கும் நோய் வந்தது. ஆனால் ஒருவர் பள்ளிப்படிப்பையே முடிக்க முடியவில்லை. இன்னொருவர் வேலைக்குப் போனார், மணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பெற்றார். மரபணுத் தொகுதி ஒன்றுதான், வாழ்க்கைகள் நான்கு.

நோய்க்குரிய 'அந்த ஒரு மரபணு'வைத் தேடிய காலம் முடிந்துவிட்டது. 2014-இல் மரபணுத்தொகுதியில் 108 இடங்கள் நோயோடு தொடர்புடையவை எனக் கண்டறியப்பட்டன. 2022-இல் அது 287 ஆயிற்று. 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் பிறப்போரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் மனச்சிதைவு போன்ற நோய்க்கு ஆளாகிறார் என்பது உண்மையே. அது அரிதான விதிவிலக்கு. மற்ற வேறுபாடுகள் நம்மில் பலரிடமும் உள்ளவை. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது.

அவற்றுள் சற்று வலுவானது 6-ஆம் குரோமோசோமில், நோயெதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கமாக அமைந்த பகுதியில் இருக்கிறது. அங்குள்ள சி4 என்னும் மரபணுவைப் பற்றி 2016-இல் அஸ்வின் சேகர், ஸ்டீவன் மெக்கரால் குழுவினர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சி4 மனிதருக்கு மனிதர் படிகளின் எண்ணிக்கையிலும் வடிவத்திலும் மாறுபடும். அதன் 'ஏ' வகை மூளையில் கூடுதலாகச் செயல்படும் அமைப்பு உள்ளவர்களிடம் நோய் சற்று அதிகம். சி4 உருவாக்கும் புரதத்தின் வழக்கமான வேலை, அழிக்கவேண்டிய கிருமிக்கு அடையாளமிடுவது. வளரும் மூளையில் அதே புரதம், நீக்கவேண்டிய நரம்பிணைப்புகளுக்கு அடையாளமிடுகிறது. மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா அவற்றை விழுங்குகின்றன. சி4 இல்லாத எலிகளில் இந்தக் களையெடுப்பு குறைந்தது. விடலைப் பருவத்தில் களையெடுப்பு மிகுவதே நோய்க்குக் காரணமாகலாம் என்று 1982-இலேயே இர்வின் ஃபைன்பெர்க் கருதினார். நோய் பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலும் இருபதுகளிலும் வெளிப்படுவது ஏன் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்த வலுவான வேறுபாடும் ஒருவரின் நோய்வாய்ப்பை ஏறத்தாழ 1.3 மடங்குதான் ஆக்குகிறது. ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு வரும் நோய் பதின்மூன்று பேருக்கு வரலாம், அவ்வளவே. இன்னொன்றும் உண்டு: மனச்சிதைவுக்குச் சற்றே வழிவிடும் இதே வேறுபாடு லூப்பஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோயிலிருந்து காக்கிறது என்று 2020-இல் தெரியவந்தது. அப்படியிருக்க அதைக் 'கெட்ட மரபணு' என்று எப்படிச் சொல்வது?

இச்சிறு விளைவுகளையெல்லாம் கூட்டி ஒருவருக்கு மரபணு மதிப்பெண் போடும் முறையும் வந்திருக்கிறது. ஐரோப்பிய வழியினரிடமே அது ஆட்படும் தன்மையின் வேறுபாட்டில் 7 விழுக்காடு அளவைத்தான் விளக்குகிறது. தரவு தந்தோரில் பெரும்பான்மையோர் அவர்களே என்பதால், பிற மக்களிடம் அது இன்னும் வலுவிழக்கிறது. சென்னையிலுள்ள மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. இந்தியர் 3,092 பேரை ஆராய்ந்து, 8-ஆம் குரோமோசோமில் நியாசின் வளர்சிதை மாற்றத்தோடு தொடர்புடைய ஒரு புதிய இடத்தை அது காட்டியது. எண்ணிக்கை சிறிது, உறுதிப்படுத்த இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும். ஆனாலும் நம் மக்களின் மரபணுக்களை நாமே படிக்காமல், வேறு மக்களுக்காகத் தைத்த சட்டையை நம் பிள்ளைகளுக்கு மாட்டிப் பார்ப்பதில் பொருளில்லை.

வரன் பார்க்கும்போது அண்ணனின் நோயைக் காட்டித் தங்கையை ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் இன்றும் இருக்கிறது. அதற்கு மரபியலில் ஆதாரம் தேடுவோர் மேற்கண்ட எண்களை ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும். நோயாளியின் குடும்பத்தாரிடம் மருத்துவர்கள் மருந்துச் சீட்டோடு இந்தக் கணக்கையும் பொறுமையாக விளக்கிச் சொல்லவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.