'சசேங்' ரசிகர்கள் என்றால் யார்? ஜங்கூக் வீட்டு வாசல் வரை போன விவகாரம்!

பிடிஎஸ் பாடகர் ஜங்கூக் ராணுவ சேவையை முடித்து வெளியே வந்தது 2025 ஜூன் 11. அன்றிரவே, சியோலில் உள்ள அவரது வீட்டுக் கதவின் ரகசிய எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்த பெண் ஒருவரை போலீஸ் கைது செய்தது. சீனாவைச் சேர்ந்த அந்தப் பெண் சொன்ன காரணம், ஜங்கூக்கைப் பார்க்க வந்தேன் என்பதுதான்.

இப்படிப்பட்டவர்களுக்குத் தென்கொரியாவில் தனிப் பெயரே இருக்கு: 'சசேங்'.

சசேங் என்றால் என்ன?

கொரிய மொழியில் 'ச' என்றால் தனிப்பட்ட, 'சேங்' என்றால் வாழ்க்கை. மேடையில் பாடுவதைப் பார்த்தால் மட்டும் போதாது. அவர் எங்கே தூங்குகிறார், யாருடன் பேசுகிறார், எந்த விமானத்தில் போகிறார் என எல்லாம் தெரிந்தாக வேண்டும் எனத் துரத்துபவர்களே சசேங் ரசிகர்கள்.

என்னவெல்லாம் செய்வார்கள்?

* விமானத்தில்: தாங்கள் போகும் விமானத்தைத் தெரிந்துகொண்டு, பக்கத்து இருக்கைகளிலேயே டிக்கெட் போட்டு வந்துவிடுகிறார்கள், அது பயமாக இருக்கிறது என பிடிஎஸ் உறுப்பினர் வி 2019-ல் நேரலையில் வெளிப்படையாகவே சொன்னார்.

* ரயிலில்: கொரிய ரயில்வே ஊழியர் ஒருவர், பிடிஎஸ் தலைவர் ஆர்எம்மின் டிக்கெட் மற்றும் சொந்த விவரங்களை 3 ஆண்டுகளில் 18 முறை எடுத்துப் பார்த்தது 2023-ல் அம்பலமானது.

* வீட்டில்: வீட்டுக்குச் சாப்பாடு ஆர்டர் செய்து அனுப்பாதீர்கள், அனுப்பினாலும் சாப்பிட மாட்டேன் என 2023-ல் ஜங்கூக்கே ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார். தொடர்ந்தால் நடவடிக்கை எடுப்பேன் என்றும் எச்சரித்தார்.

சாப்பாடு அனுப்புவதில் என்ன தப்பு?

அனுப்புபவருக்கு அது அன்பு. கதவைத் திறப்பவருக்கு அது வேறு செய்தி: 'உன் வீடு எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும்.' இன்னைக்கு சாப்பாடு வந்த வாசலுக்கு நாளைக்கு யார் வருவார் என்ற பயத்தோடுதான் அவர் வாழ வேண்டியிருக்கும். வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகும் அனுப்பினால், அதற்குப் பேர் அன்பு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு தென்கொரியாவில் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது சில்லறைக் குற்றம்தான். அபராதம் அதிகபட்சம் 1 லட்சம் வொன், அதாவது சுமார் 6 ஆயிரம் ரூபாய். பின்தொடர்வதைத் தண்டிக்கும் தனிச் சட்டம் 2021 அக்டோபரில் அமலுக்கு வந்தது. விருப்பத்தை மீறித் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, வீட்டருகே காத்திருப்பது, பொருள் அனுப்புவது எல்லாமே இதில் வரும். தண்டனை 3 ஆண்டு வரை சிறை அல்லது 3 கோடி வொன் வரை அபராதம். ஆயுதம் வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறை.

பாதிக்கப்பட்டவர் தண்டனை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வழக்கு நிற்காது என்ற ஓட்டையும் 2023-ல் அடைக்கப்பட்டது. ரசிகர் மேலேயே வழக்கா எனத் தயங்கும் கலைஞர்களுக்கு இது முக்கியமான மாற்றம்.

தகவல் எப்படிக் கசிகிறது?

இதற்கென ஒரு சந்தையே இருக்கு. கலைஞர்களின் விமானப் பயண விவரங்களைக் காசுக்கு விற்கிறார்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் விற்பனையும் நடக்கிறது. இப்படி எடுத்த வீடியோவை ஆயிரம் மைல் தள்ளி இருந்து ஷேர் செய்பவரும், தெரிந்தோ தெரியாமலோ அந்தச் சந்தைக்கு வாடிக்கையாளர்தான்.

நல்ல ரசிகர்கள் இல்லையா?

நிறைய பேர் இருக்காங்க. 2018-ல் அமெரிக்கா வந்த பிடிஎஸ் குழுவைக் கூட்டம் மொய்க்காமல் இருக்க, விமான நிலையத்தில் ரசிகர்களே ஊதா ரிப்பனைப் பிடித்து வரிசையாக நின்று வழிவிட்டார்கள். ஊதா, பிடிஎஸ் ரசிகர்களின் அடையாள நிறம்.

ரசிகர்கள் கவனிக்க வேண்டியவை

* வீடு, ஹோட்டல், விமான விவரங்களை வாங்கவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம்.
* ஒளிந்திருந்து எடுத்த படங்களுக்கு லைக் கூடப் போட வேண்டாம்.
* குடும்பத்தினர், நண்பர்களின் கணக்குகளில் போய்த் தொல்லை கொடுக்க வேண்டாம்.
* பரிசு தருவதாக இருந்தால், கலைஞரின் நிறுவனம் அனுமதிக்கும் வழியில் மட்டும் அனுப்பலாம்.
* அவர் வேண்டாம் என்றால், முதல் முறையிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

டிக்கெட் வாங்கியவருக்குச் சொந்தம் அந்த இரண்டு மணி நேர நிகழ்ச்சி மட்டுமே. அது முடிந்ததும் அவரும் நம்மைப் போல வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டிய மனுஷன்தான்.