தினைப்புனத்தில் இறங்கிய வெள்ளைக் கொக்கு

கலை என்பது களிப்பிற்காக மட்டுமே ஏற்பட்டது என்று எண்ணுவோர் இன்றும் பலர் உளர். நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளிவிழா மலரைக் கையிலேந்தும் இளைஞர்கள் அங்ஙனம் எண்ணிவிடலாகாது. வாய் திறந்து பேசினால் சிறை என்றிருந்த காலத்தில், பேச வேண்டியதைச் சுமந்து சென்றவை பெரும்பாலும் கூத்தும் பாட்டுமேயாகும். அதற்கு நம் மண்ணில் தோன்றிய சான்று ஒன்றை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

நாடகத்தைக் கண்டு ஆங்கில அரசு அஞ்சிய வரலாறு வங்கத்தில் தொடங்குகின்றது. அவுரித் தோட்டங்களில் வெள்ளை முதலாளிகள் உழவர்க்கு இழைத்த கொடுமையைத் தீனபந்து மித்ரா 1860இல் ‘நீல் தர்ப்பண்’ என்னும் நாடகமாக எழுதினார். அதன் வழியே மேடையில் அரசியல் வளர்ந்தது. 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிறந்தது. அரசின்மீது வெறுப்பைத் தூண்டும் என்று கருதப்பட்ட எந்த நாடகத்தையும் தடுத்து நிறுத்த அச்சட்டம் அதிகாரம் அளித்தது. விடுதலைக்குப் பின்னரும் நெடுங்காலம் ஏட்டில் இருந்த அச்சட்டம் 2018இல்தான் நீக்கப்பட்டது என்பது வியப்பிற்குரியது.

தமிழ்நாட்டிலோ சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் அகப்படாத நாடகமுறை ஒன்று இருந்தது. அதுவே ஸ்பெஷல் நாடகம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் ஒத்திகையின்றி ஓரிரவு கூடி நடிப்பர். கதை எல்லோரும் அறிந்ததே. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலியவை அவர்களுக்கு மனப்பாடம். இடையிடையே பேசும் தர்க்கமும் பாடும் பாட்டும் அன்றைய இரவிற்கே உரியவை. கையெழுத்துப் படியைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரிக்கு அதில் முருகனும் வள்ளியுமே தென்படுவர். ஆனால் விடியுமுன் அம்மேடையில் காந்தியாரும் வந்து போயிருப்பார்!

வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சியைக் கருதுங்கள். பறவை ஓட்டுதல் அக்காட்சிக்குரிய தொழில். அங்கே ஒரு வெள்ளைக் கொக்கு பறந்து வருகின்றது. பிறர் விளைவைத் தின்ன வந்த அக்கொக்கை எச்சரிக்கையோடு காணுமாறு பாட்டு எழுகின்றது. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய அப்பாட்டைத் தம் கணீர்க் குரலில் நாடெங்கும் பரப்பியவர் நடிகர் எஸ். எஸ். விஸ்வநாத தாஸ். வெள்ளைக் கொக்கு யார் என்று மேடையில் எவரும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அது வெறும் மேடைப் பேச்சாகியிருக்கும். பொருளை முடித்துக் கொண்டவர்கள் தரையில் அமர்ந்திருந்த மக்களே. காவலுக்கு வந்த போலீஸ்காரருக்கும் அது விளங்காமலில்லை, அவரும் தமிழர்தாமே? எனினும் அறிக்கையில் அவர் என்ன எழுதுவார்? கொக்கை ஓட்டியது இராஜத்துரோகம் என்றா?

எம் பாட்டனார் அந்நாளில் நாடகக் கொட்டகைக்குக் கியாஸ் விளக்குச் சுமக்கும் வேலை செய்தவர். விளக்கை மேடையருகே வைத்துவிட்டு நம்மவர் நிற்கும் கயிற்றிற்கு அப்பால் அவர் ஒதுங்கிவிட வேண்டும். வேறொரு நடிகர் பாட அப்பாட்டை அங்கிருந்தே கேட்டிருக்கின்றார். கோயிலுக்குள் சென்று காண இயலாத முருகனைக் கொட்டகையில்தான் கண்டதாகக் கூறுவார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நம்மவர் நுழைந்தது 1939இல் என்பதை நினைவிற் கொள்க. கொக்கைப் பற்றி ஒருமுறை அவரிடம் வினவினோம். “வெள்ளைக்காரன்தான்னு எல்லாருக்கும் தெரியும்ப்பா. ஆனா நம்ம வயக்காட்டுல எறங்குன கொக்கெல்லாம் வெள்ளையா இல்லையே” என்றார். கயிற்றிற்கு அப்பால் நின்றவர்க்கு அப்பாட்டு இன்னொரு பொருளும் தந்தது. பாடலாசிரியர் அதனை எண்ணினாரா என்பது வேறு வினா.

அரசு நெடுநாள் ஏமாறவில்லை. விஸ்வநாத தாஸ் மீண்டும் மீண்டும் கைதானார். ஆயின் பாட்டைக் கைது செய்தல் எங்ஙனம்? அது பிற நடிகர் வாயிலும் வயல் வேலை செய்வோர் வாயிலும் ஏறிவிட்டது. தமிழின் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தபோது, வடமொழிப் புலவரின் கதையான அதிலும் காந்தியாரின் இராட்டையைப் போற்றும் பாஸ்கரதாஸ் பாட்டு புகுந்திருந்தது.

இனி நம் நெஞ்சை உறுத்தும் பகுதி. விஸ்வநாத தாஸ் 1886இல் சிவகாசியில் முடிதிருத்துவோர் குலத்தில் பிறந்தவர். கொக்கின் மறைபொருளை நொடியில் உணர்ந்து கைதட்டிய உலகம், அவர் சாதியை மட்டும் மறக்கவில்லை. அவரோடு இணைந்து நடிக்க நடிகையர் பலர் மறுத்தனர். முருகன் வேடத்தில் அவர் நின்றால் வணங்குவோர் உண்டு. வேடம் களைந்தபின் நிலைமை வேறு. அந்நிலையில் அவருக்கு இணையாக நடிக்க முன்வந்தவர் கே. பி. ஜானகி அம்மாள், பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்தில் புகழ்பெற்று, 1967இல் மதுரையிலிருந்து சட்டமன்றம் சென்றவர் இவரே. வெள்ளையனை எதிர்த்த பாட்டு மறைவாக ஒலித்தது. ஒடுக்கப்பட்ட குலத்தான் ஒருவன் கடவுளாக மேடையேறி அமர்ந்தான் என்பதோ எவ்வித மறைவுமின்றி அனைவர் கண்முன்னும் நிகழ்ந்தது. அதைத்தான் அவ்வுலகம் காண மறுத்தது.

31-12-1940 அன்று இரவு சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். மயில் வாகனத்தில் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அவர் வாழ்ந்த திருமங்கலத்தில் நினைவு இல்லம் ஒன்று இருக்கின்றது. மதுரைக்குத் தேர்வெழுதச் செல்லும் நம் மாணவர்கள் திரும்பும் வழியில் அங்கு இறங்கி, ஒரு நாழிகை இருந்துவிட்டு அடுத்த பேருந்தில் ஊர் வந்து சேரலாம்.