ஒடியற் கூழ் உரைக்கும் வரலாறு

ஒரு நாட்டு மக்களின் வரலாற்றை ஆராய விழைவோர் கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் நாடுவர். அம்மக்களின் அடுக்களையை நாடுவோர் மிகச் சிலரே. ஆயினும், ஏட்டில் ஏறாத செய்திகள் பல உணவிலே தங்கியிருக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் வழங்கும் ஒடியற் கூழை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

இந்நிலம் சுண்ணாம்புக் கல்லாலாயது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையை நம்பியே நெல் விதைக்கப்படுகின்றது. மழை பொய்ப்பின் விளைவும் பொய்க்கும். நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு முதலிய தீவுகளில் நன்னீரும் அரிது. இத்தகைய நிலத்தில் நீர் பாய்ச்சுவாரின்றியும் எருவிடுவாரின்றியும் நின்று பயன் தருவது பனையேயாகும்.

பனையின் பயன் அதன் பருவத்தோடு முடிந்துவிடாமற் செய்தமையே நம் முன்னோரின் திறமை. கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கினர். பழத்தின் களியைப் பாயிற் பரப்பி உலர்த்திப் பனாட்டாக்கினர். விதைகளைப் பாத்தியிலிட்டுக் கிழங்கு பெற்றனர். அக்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை மாவாக்கி, நீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்து அதன் கைப்பை நீக்கிய பின்னரே கூழுக்கு எடுத்தனர். நெல்லில்லாத மாதங்களுக்கான சேமிப்பு இவ்வாறு வீடுகளில் இருந்தது. 1850ஆம் ஆண்டில் வில்லியம் பேர்குசன் என்பார் பனையைப் பற்றி ஆங்கிலத்தில் தனி நூலொன்றே எழுதி வெளியிட்டார்.

இனி, கூழ்ப்பானையினுள்ளே நோக்குவோம். ஒடியல் மா, மீன், நண்டு, றால், பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, பழப்புளி ஆகியவற்றோடு மரவள்ளிக்கிழங்கும் செத்தல் மிளகாயும் அங்கே உள்ளன. பின்னைய இரண்டும் அமெரிக்கக் கண்டத்துக்குரியவை. 1492இல் கொலம்பசு அக்கண்டத் தீவுகளை அடையுமுன் நம்மவர் அவற்றை அறியார். மிளகாய் போர்த்துக்கேயரின் கடல்வழி வாணிகத்தால் கீழைநாடுகளுக்கு வந்தது. மரவள்ளியும் ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இலங்கையிற் பரவியது. அவற்றுக்கு நாம் இட்ட பெயர்களே அவை வந்தேறியவை என்பதைக் காட்டுகின்றன. மிளகுபோல் உறைக்குங் காய் மிளகாயாயிற்று. மரம்போல் நிமிர்ந்து வளரும் வள்ளி மரவள்ளியாயிற்று. ஆதலின், 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்ததற்கு நெடுங்காலம் முன்னர் இங்கு ஒருவர் கூழ் அருந்தியிருப்பின், அதன் உறைப்பு மிளகின் உறைப்பாகவே இருந்திருத்தல் வேண்டும். பழமையானதென்று நாம் போற்றும் உணவு, புதியதை ஏற்றுத் தனதாக்கிக்கொண்டே வாழ்ந்து வந்திருக்கின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் பர்மா முதலிய நாடுகளின் அரிசி பெருமளவில் இறக்குமதியாயிற்று. அரிசிச் சோறு நாள்தோறும் கிட்டவே, ஒடியல் வறியோர் உணவென இகழப்படலாயிற்று. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வரிசி நின்றது; இலங்கையெங்கும் அரிசி பங்கீட்டுப் பொருளாயிற்று. உள்ளூர்க் கிழங்குகளின் அருமையை மக்கள் அன்று உணர்ந்தனர். பின்னர், 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வடபகுதி மக்கள் இதனை மீண்டும் உணர நேர்ந்தது. சீனி கிடையாத வீடுகளில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் அருந்தினர். அதே போரிற் காவலரண்களுக்காகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டமை துயரந்தரும் முரண்பாடாகும்.

இன்று ஒடியற் கூழ் விழாக்களிலும் உணவகங்களிலும் மதிப்புடன் பரிமாறப்படுகின்றது. இது மகிழத்தக்கதே. ஆனால், விழாவுக்கு ஒருநாட் கூழ் காய்ச்சுதல் வேறு. பாத்தியிடவும், கிழங்கு கிண்டவும், கைப்பு நீக்கவும், பிளாக் கோலவும் அறிந்திருத்தல் வேறு. முன்னது கடையிற் கிடைக்கும். பின்னது பாட்டியிடமிருந்து பேரர்க்குக் கைமாறினாலன்றி நிலையாது. இருமுறை பஞ்சம் தாங்க உதவியது அந்த அறிவே. மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடம் இவற்றைக் கேட்டறிந்து எழுதி வைப்பாராயின், இந்நாட்டு வரலாற்றுக்கு அது சிறந்த தொண்டாகும்.