கொமேனியசும் சிறுவர் படநூலும்

எழுத்தறியாக் குழந்தையும் ஏட்டைப் புரட்டிப் படம் பார்த்து மகிழ்தல் இன்று எவருக்கும் வியப்பளிப்பதன்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பள்ளிச் சிறுவன் கையிலிருந்த நூலோ வேறு வகையினது. அஃது இலத்தீன் இலக்கணம். அதன் விதிகளையும் அவ்விதிகளுக்குரிய விதிவிலக்குகளையும் அவன் பொருளறியாது நெட்டுருச் செய்தான். பிழைத்தவிடத்துப் பிரம்படி பட்டான். 1658-ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில் வெளிவந்த சிறு நூலொன்று இந்நிலையை மாற்றத் தலைப்பட்டது. 'ஓர்பிஸ் சென்சுவாலியும் பிக்டுஸ்' என்பது அதன் பெயர். 'புலன்களால் அறியப்படும் உலகின் படம்' என அதனைத் தமிழிற் கூறலாம். படமுள்ள நூல்கள் அதற்கு முன்னர் இல்லாமலில்லை. ஆயினும் படத்தையே பாடத்தின் முதலாகக் கொண்டு, சிறுவர் பொருட்டே ஆக்கப்பெற்ற நூல்களுள் இதனையே கல்வி வரலாற்றாசிரியர் பலர் தலையாயதாக வைத்து எண்ணுவர். உலகனைத்தையும் ஒழுங்குபடுத்திக் காட்டும் அந்நூலை ஆக்கியவர் தம் உலகம் பன்முறை சிதைந்தழியக் கண்டவர் என்பது இங்கு நினைவிற் கொள்ளற்பாலது.

யான் ஆமொஸ் கொமென்ஸ்கீ என்பது அவரது இயற்பெயர். இலத்தீன் மரபையொட்டிக் கொமேனியஸ் என வழங்குவர். இன்று செக் நாட்டின் ஒரு பகுதியாகவுள்ள மொறாவியாவில் 1592-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் அவர் பிறந்தார். தாய்மொழி செக். யான் ஹுஸ் என்னும் சீர்திருத்தக்காரர் வழிவந்த 'சகோதரர் ஒன்றியம்' என்ற சிறு கிறித்தவ சபையைச் சார்ந்தது அவர் குடும்பம். பன்னிரண்டு வயதளவில் தாய் தந்தையரை இழந்தார். ஆதரிப்பார் இன்மையால் இலத்தீன் பள்ளியிற் சேர்வதற்குப் பதினாறு வயதாயிற்று. இத்தாமதம் ஒருவகையிற் பேறெனவே கொள்ளத்தக்கது. சிறு பிள்ளை அடிபட்டு மறந்துவிடும் துன்பத்தை வளர்ந்த இளைஞன் கூர்ந்து நோக்கினான். கற்பிக்கும் முறையின் குற்றங்கள் அவன் உள்ளத்திற் பதிந்தன. பின்னர் ஹேர்போர்ண், ஹைடல்பேர்க் ஆகிய நகரங்களிற் பயின்று, தாய்நாடு மீண்டு, 1618-இல் ஃபுல்னெக் என்னும் ஊரில் சபைக் குருவாயும் பள்ளித் தலைவராயும் அமர்ந்தார்.

அவ்வாண்டிலேயே முப்பதாண்டுப் போர் மூண்டது. 1620 நவம்பரில் பிராக் நகரின் அருகே நிகழ்ந்த வெண்மலைப் போரில் பொகீமியப் புரட்டஸ்தாந்தர் தோற்றனர். ஹப்ஸ்பேர்க் பேரரசரின் படை ஃபுல்னெக்கைச் சூறையாடியது. கொமேனியஸ் தலைமறைவாயினார். 1622-இல் அவர் மனைவியையும் இரு குழந்தைகளையும் கொள்ளைநோய் கொண்டது. அடுத்த ஆண்டில் அவருடைய நூல்கள் ஃபுல்னெக் நகரச் சந்தை வெளியில் எரிக்கப்பட்டன. 1628-இல் தம் சபையார் சிலரோடு எல்லை கடந்து போலந்திலுள்ள லெஷ்னோவை அடைந்தார். அதன் பின்னர் நாற்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தும் தாய்நாட்டிற் குடியேறும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை.

லெஷ்னோவிலே அவர் மீண்டும் ஆசிரியரானார். நாடு திரும்பியதும் பள்ளிகளைப் புதிதாக அமைத்தல் வேண்டும் என்னும் நம்பிக்கையோடு, செக் மொழியிலே பெரியதொரு கல்விநூலை எழுதினார். நாடு திரும்புதல் கூடாமற் போகவே அதனை இலத்தீனில் விரித்தெழுதினார். செக் மூலம் ஏட்டளவிலேயே கிடந்து, 1841-இல் லெஷ்னோவிற் கண்டெடுக்கப்பட்டு 1849-இலேதான் அச்சேறியது. இளங்குழந்தைகளுக்குப் படநூல் வேண்டும் என்ற கருத்து அக்கல்விநூலிலேயே காணப்படுகின்றது. எனவே 'ஓர்பிஸ் பிக்டுஸ்' திடீரெனத் தோன்றிய எண்ணமன்று; இருபதாண்டு மனத்திலே கிடந்து முதிர்ந்தது.

1631-இல் வெளிவந்த 'யானுவா' என்னும் இலத்தீன் வாசகநூல் அவர் பெயரை ஐரோப்பா எங்கும் பரப்பிற்று. பெருவழக்கான எண்ணாயிரம் சொற்களை ஆயிரம் வாக்கியங்களில் அமைத்து, அவ்வாக்கியங்களை உலகப் பொருள்கள் பற்றிய நூறு தலைப்புகளின் கீழ்ப் பகுத்து, தாய்மொழியோடு இணையாக வைத்தது அந்நூல். தலைப்பையும் அமைப்பையும் அவர் வில்லியம் பேத் என்னும் அயர்லாந்து யேசுசபையாரின் நூலிலிருந்து பெற்றார். கத்தோலிக்க அரசால் நாடு கடந்தவர் யேசுசபையாரிடம் கற்கக் கூசவில்லை. இப்புகழ் காரணமாக 1641-இல் இலண்டன் அவரை அழைத்தது. உள்நாட்டுப் போர் மூளவே அங்கு எண்ணியவை நிறைவேறவில்லை. ஒல்லாந்திலே தத்துவஞானி டேக்கார்ட்டைக் கண்டு உரையாடினார். சுவீடன் நாட்டு முதன்மந்திரி ஒக்சன்ஸ்டியேர்ணா பாடநூல்கள் இயற்றப் பணித்தார். சுவீடன் தம் மக்களை மீட்கும் என்ற நம்பிக்கையே கொமேனியசை அவ்வேலையில் ஆண்டுக் கணக்காகப் பிணித்தது. 1648-இல் வெஸ்ட்பேலியா உடன்படிக்கை கைச்சாத்தாயபோது பொகீமிய அகதிகளை எவரும் நினைத்திலர். அவ்வாண்டிலே அவருடைய இரண்டாம் மனைவியும் இறந்தார்.

இந்நிலையில் 1650-இல் அங்கேரியின் சாரோஸ்பட்டாக் நகருக்கு ராக்கோசிக் குடும்பத்தார் அவரை வருவித்தனர். அங்குள்ள மாணவர் 'யானுவா'வையும் பெருஞ்சுமையாகக் கண்டனர். சொல்லுக்குரிய பொருளைக் கண்ணாற் காணாதவனுக்கு எளிய வாக்கியமும் வெற்றொலியே என்பதை ஆசிரியர் உணர்ந்தார். அதற்கு அவர் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, பாடத்தை நாடகமாக்கி மாணவரையே நடிக்கச் செய்தல். மற்றொன்று, பாடத்தைச் சுருக்கிப் படத்தோடு தருதல். நூல் எழுதி முடிந்தது. படம் வெட்டத் தக்க கலைஞர் அவ்வூரில் இல்லை. கையெழுத்துப் படி நூரம்பேர்க்கிலே மிக்கேல் எண்ட்டெர் என்னும் பதிப்பாளரை நாடிச் சென்றது. மரக்கட்டைகளில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட படங்களைச் செதுக்குவித்து அச்சிடுதல் எளிய செயலன்று. ஆண்டுகள் கடந்தன.

அவ்விடைக்காலத்திலே கொமேனியஸ் லெஷ்னோ திரும்பினார். சுவீடன் மன்னர் போலந்தின்மேற் படையெடுத்தபோது, 1655-இல் அம்மன்னரைப் புகழ்ந்து நூலொன்று வெளியிட்டார். தமக்குப் புகலிடம் தந்த நாட்டின் பகைவரை வாழ்த்திய இச்செயலை அவர்பால் அன்புடைய வரலாற்றாசிரியரும் நியாயம் என்று கூற இயலாது. 1656 ஏப்பிரலில் போலந்துப் படைகள் லெஷ்னோவை எரித்தன. வீடும் நூலகமும் வெந்தன. நாற்பத்துநான்கு ஆண்டுகளாகத் தொகுத்து வந்த செக் மொழி அகராதியும் உடன் அழிந்தது. ஏனைய இழப்புக்களை ஆற்றிக்கொண்டவர் இதனை மட்டும் இறக்கும் வரை மறந்திலர். ஒரு மொழியின் சொற்களையெல்லாம் ஒருவர் தனித்து நின்று திரட்டுதலின் அருமை அகராதி செய்தாரே அறிவர். அறுபத்துநான்கு வயதில் அம்ஸ்டர்டாமிற் புகுந்தார். டி கேர் என்னும் செல்வக் குடும்பத்தார் அவரைத் தாங்கினர். அங்கிருந்தபோதே 1658-இல் படநூல் வெளிவந்தது.

நூலின் முதற்படத்தில் முதிய ஆசிரியர் ஒருவரும் சிறுவன் ஒருவனும் திறந்த வெளியில் நின்று உரையாடுகின்றனர். அறிவு என்பது யாது என்று சிறுவன் வினவ, உலகப் பொருள்களையெல்லாம் காட்டிப் பெயர் கூறுவதாக ஆசிரியர் வாக்களிக்கின்றார். ஆயின் முதலில் ஒலிகள் வேண்டும். ஆகவே அரிச்சுவடி வருகின்றது. எழுத்துக்குப் பெயர் கூறி மனனஞ் செய்விப்பதற்கு மாறாக, உயிர்களின் குரலால் ஒலியை அறிவிக்கின்றார். காகம் கரைதலில் ஓர் உயிரொலி. ஆட்டுக்குட்டி கத்துதலில் ஒரு மெய். ஓநாயின் ஊளையிலும் கரடியின் உறுமலிலும் வேறு மெய்கள். பாம்பின் சீறலில் ஒன்று. காட்டையும் தோட்டத்தையும் அறிந்த பிள்ளை எழுத்தை அறியுமுன்பே ஒலியை அறிந்துள்ளது என்னும் உண்மையை அவர் நன்கு பயன்படுத்தினார்.

அடுத்து நூற்றைம்பது பாடங்கள் தொடர்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு படம். படத்திலுள்ள பொருள்தோறும் ஓர் எண். கீழே ஒரு பத்தியில் இலத்தீனும் மறுபத்தியில் ஜேர்மனும். வாக்கியத்திலே சொல்லுக்கருகில் அதே எண் நிற்கும். குயவனோ தச்சனோ ஒரு கருவியை எடுக்குமிடத்து எண் வழியே கண் மேலேறிக் கருவியைக் கண்டு மீளும். சொல்லும் பொருளும் பிரியாதிருத்தற்கு இதனினும் எளிய உபாயம் காண்டல் அரிது. கடவுளிற் தொடங்கி, வானம், தீ, நீர், உலோகம், மரம், விலங்கு, மனிதனுடல் எனச் சென்று, அப்பம் சுடுதல், மீன் பிடித்தல், நெசவு, தையல், காகிதம் செய்தல், அச்சிடுதல் முதலிய தொழில்களை விரிவாகக் காட்டி, இறுதித் தீர்ப்பு நாளில் முடிகின்றது. கைத்தொழில்களுக்கு இத்துணை இடமளித்தமை அக்காலப் பாடநூல்களில் அரிது. ஆன்மாவை எங்ஙனம் வரைவது? புள்ளிகளால் மனித வடிவைக் குறித்துக் காட்டினர்.

இனியவற்றை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுதல் அவர் நோக்கமன்று. படையும் போரும் நகர முற்றுகையும் அங்குள்ளன. குற்றவாளிகளைத் தண்டிக்கும் காட்சியும் உளது. பள்ளி பற்றிய பாடத்திலே கவனமின்றிப் பேசும் மாணவர் பிரம்படி பெறுவதையும் காணலாம். அடியாற் கல்வி வராதென ஏனைய நூல்களில் வாதித்தவர், உள்ள உலகைக் காட்டுமிடத்துப் பிரம்பை மறைத்தாரல்லர். பிற சமயங்களைக் கூறும் பாடங்களில் அக்காலக் கிறித்தவர் நோக்கின் குறுக்கத்தை அவரும் கடக்கவில்லை என்பதையும் கூறியே ஆகவேண்டும்.

முகவுரையில் அவர் கூறுவன இன்றும் ஆசிரியர் படிக்கத்தக்கன. புலனில் முன்னர்த் தோன்றாதது அறிவில் தோன்றுவதில்லை என்பது அவர் கொள்கை. பள்ளிக்கு வருமுன்னரே நூலைப் பிள்ளையிடம் கொடுத்து அது விரும்பியவாறு படம் பார்க்க விடுதல் வேண்டும். விரும்பினால் படத்தைப் பார்த்து வரையவும் விடுதல் வேண்டும். நிறமும் சுவையும் மையால் எழுதிக் காட்ட முடியாதன. அவற்றைப் பொருளாகவே கொணர்ந்து காட்டுக என்பர். தம் படத்தின் எல்லையைத் தாமே உணர்ந்து, படம் பொருளுக்கு ஈடாகாது என முகவுரையிலேயே எழுதிய படநூலாசிரியர் இவர்.

நூல் விரைந்து பரவிற்று. அடுத்த ஆண்டே சார்ல்ஸ் ஹூல் என்னும் இலண்டன் பள்ளியாசிரியர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். நியூயோர்க்கிலே 1810-இலும் பதிப்பு வந்தது. தம் இளமையில் சிறுவர்க்கென இருந்த இத்தகைய நூல் இஃதொன்றே எனக் கவிஞர் கதே தம் வாழ்க்கை வரலாற்றில் நினைவுகூர்கின்றார். ஆசிரியருடைய மதிப்பீடோ மாறானது. பாடநூல்களை அவர் சிறு பணியாகவே எண்ணினார். மானிட சமுதாயம் அனைத்தையும் திருத்துதல் பற்றிய ஏழு பாகப் பெருநூலே தம் வாழ்க்கைப் பணியெனக் கருதினார். முதுமையில் அரசியல் தீர்க்கதரிசனங்களை நம்பி அவற்றை அச்சிட்டமையால் அறிஞர் சிலரின் ஏளனத்துக்கும் ஆளாயினார். 1670 நவம்பர் 15-ஆம் நாள் அம்ஸ்டர்டாமில் உயிர் நீத்து, அண்மையிலுள்ள நார்டன் என்னும் ஊரில் அடக்கம் பெற்றார். பெருநூலின் கையெழுத்துப் படி 1930-களின் நடுவிலே ஜேர்மனியின் ஹாலே நகர அநாதைச் சாலை ஏடுகளிடையே கண்டெடுக்கப்பட்டு, 1966-இல் பிராக்கில் முழுமையாக அச்சேறியது. அதுகாறும் உலகம் அவரைப் படநூலாசிரியராகவும் கல்வியாளராகவுமே அறிந்திருந்தது.

அவர் வாழ்நாளில் இலத்தீனோடு ஜேர்மன், ஆங்கிலம், இத்தாலியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் அப்படநூலைச் சிறுவர் படித்தனர். செக் மொழியில் மட்டும் அது வெளிவரவில்லை. அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 1685-இல், அன்று அங்கேரி அரசின் கீழும் இன்று ஸ்லோவாக்கியாவிலும் உள்ள லெவோச்சா நகரில் நான்கு மொழிப் பதிப்பொன்று வெளிவந்தது. இலத்தீன், ஜேர்மன், அங்கேரியம் ஆகியவற்றின் அருகே நான்காவதாகச் செக் மொழி நின்றது.