மலேசியத் தேசியக் கால்பந்து அணி: வியூகமும் ஆட்டப்பாணியும்

'ஹரிமாவ் மலாயா' எனப்படும் மலேசிய அணி, உடல் வலுவைவிட வேகத்தையும் ஓர ஆட்டக்காரர்களையும் நம்பி ஆடுவது. கோல் காவலர் ஆர். ஆறுமுகமும் தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங் இணையும் அதன் பொற்காலத் தூண்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும், மலேசியா அதைப் புறக்கணித்ததால் அணி போகவில்லை.

பயிற்சியாளர் கே. ராஜகோபால் 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதன்முறையாக வென்று தந்தார். இளையோர் அணியில் தாம் வளர்த்த பலரை வைத்து 4-4-2 பாணியில் ஆடினார்: நெருக்கமான இரு வரிசைகள், பந்து கிடைத்ததும் பதில் தாக்குதல். இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில், புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என வீழ்த்தியபோது இரண்டு கோல்கள் சாஃபி சாலியுடையவை. ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் கோல் காவலர் கைருல் ஃபாமி பெனால்டியைத் தடுத்தார். அந்த ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றும், மொத்தக் கோல் கணக்கில் கிண்ணம் கைவசமானது.

பின்னாளில் பயிற்சியாளரான டான் செங் ஹோ குறும்பாஸ் ஆட்டத்தை வளர்த்தார். அவருக்குப் பின் வந்த கிம் பான் கோன் 3-4-3 வியூகத்தில் முன்னேறி அழுத்தினார். துணிச்சல் சரி, பின்களம்தான் திறந்துகிடந்தது: 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் ஜோர்டானிடம் 0-4, பின்னர் தென்கொரியாவுடன் 3-3.